மூன்று மாதம் புழங்கிய ஒரு விளையாட்டுப் பெட்டி

சிறு குழந்தைகளுக்கான ‘சென்ஸரி ப்ளே’ (புலன்வழி விளையாட்டு) பெட்டி ஒன்றை வாங்கி, மூன்று மாதம் வீட்டில் புழங்கவிட்டு, அதில் எது தேறியது, எது தேறவில்லை என்று பார்த்த பிறகே இதை எழுதுகிறேன். பிரித்த அன்றே எழுதியிருந்தால் ஐந்து நட்சத்திரம் கொடுத்திருப்பேன். ஒரு வாரம் கழித்து எழுதியிருந்தால் இரண்டுதான் கொடுத்திருப்பேன். இப்போது எல்லாவற்றையும் ஒரே எண்ணில் அடக்க முடியவில்லை, ஏனென்றால் பெட்டிக்குள் இருந்த பொருள்கள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு கதியை அடைந்தன. தயாரிப்பாளரின் பெயரைச் சொல்லப்போவதில்லை. இதே பொருள்களை இதே அடுக்கில் வேறு வேறு பெயர்களில் பலர் விற்கிறார்கள் என்பதால், நான் சொல்லும் குறைகளில் பெரும்பாலானவை அவர்களுக்கும் பொருந்தும்.

வீட்டில் இருவர் இருக்கிறார்கள். மூத்தவளுக்கு 3 வயது 8 மாதம். இளையவனுக்கு 14 மாதம். பெட்டியின் மேல் ‘3 வயதுக்கு மேற்பட்டோருக்கு’ என்று அச்சிட்டிருந்ததை நான் படிக்காமல் இல்லை. ஆனால் மூன்று வயதைத் தாண்டிய பிள்ளை உள்ள வீட்டில் தாண்டாத பிள்ளையும் தவழ்ந்துகொண்டிருக்கக்கூடும் என்பது அந்த அச்சுக்குத் தெரியாது. இந்த ஒரு விஷயம்தான் பின்னால் என் மதிப்பீட்டைப் பலமுறை மாற்றியது.

பெட்டிக்குள் இருந்தவை: மூடியுடன் கூடிய ஒரு பெரிய தட்டு, புனல், இடுக்கி, இரண்டு சிறு அள்ளிகள், அளவுக் கிண்ணங்கள் மூன்று, நான்கு நிறங்களில் விளையாட்டு மாவு, ஒரு பை நிறமேற்றிய அரிசி, ஒரு பை கைனெடிக் மணல், ‘மாயச் சேறு’ என்ற பெயரில் ஒரு பொடி, ஒரு சிறு பொட்டலம் வாட்டர் பீட்ஸ் (நீரில் ஊறிப் பருக்கும் மணிகள்), பஞ்சு உருண்டை, வண்ணத்தாள், பசை, வண்ணக் கற்கள், பொத்தான்கள், பொம்மை முகங்களில் ஒட்டும் ஆடும் கண்கள் ஆகியவை அடங்கிய கைவினைப் பொருள்கள், இவற்றோடு இருபது செய்முறை அட்டைகள்.

முதலில் தட்டைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கொடுத்த காசுக்கு முழுதாகத் தகுதியானது அது ஒன்றுதான். நான்கு விரல் ஆழம், உள்பக்கம் மடிந்த விளிம்பு, அடியில் வழுக்காத ரப்பர் குமிழ்கள், இருபுறமும் கொக்கி போட்டு மூடும் மூடி. ஆழம் குறைந்த தட்டில் அரிசியைக் கொட்டினால் ஐந்து நிமிடத்தில் பாதி தரையில் கிடக்கும், பெரியவர்கள் ‘சிந்தாதே, சிந்தாதே’ என்று சொல்லத் தொடங்குவார்கள், விளையாட்டு அத்தோடு செத்துவிடும். இந்தத் தட்டில் அப்படி நடக்கவில்லை. விளையாடி முடித்ததும் உள்ளே இருப்பதை அப்படியே விட்டு மூடிவிட முடிவதால், மறுநாள் எடுத்து வைக்கவும் சலிப்பு வருவதில்லை. ஒரே குறை, இடப்பக்கக் கொக்கி இரண்டாம் மாதமே விட்டுப்போனது. இப்போது ஒரு ரப்பர் பேண்டின் தயவில் மூடி நிற்கிறது.

ஒரு முற்பகல் அந்தத் தட்டில் நடந்ததை மட்டும் சற்று விரிவாகச் சொல்ல அனுமதி வேண்டும். அட்டையில் இருந்த செய்முறை, அரிசிக்குள் புதைந்திருக்கும் வண்ணக் கற்களை இடுக்கியால் எடுத்து நிறம் பிரிக்கச் சொன்னது. மூத்தவள் இரண்டு கற்களை எடுத்தாள், இடுக்கியைக் கீழே வைத்தாள், புனலைக் கையில் எடுத்தாள். புனல் நிறைய அரிசியைப் போட்டதும் அது அடைத்துக்கொண்டது. அடியில் விரலை வைத்துப் பார்த்தாள். ‘வரல’ என்று தனக்குத்தானே சொன்னாள். பிறகு தற்செயலாக அது ஆடியபோது அரிசி சரசரவென்று இறங்கியது. அதன் பிறகு நாற்பது நிமிடம் இதே வேலைதான்: நிரப்புவது, அடைப்பது, ஆட்டுவது, கீழே கூம்பாகக் குவியும் அரிசியின் உச்சியில் இன்னும் கொஞ்சம் விழும்போது பக்கங்கள் சரிவதைக் குனிந்து பார்ப்பது. பெரிய கிண்ணத்தில் இருந்ததைச் சின்னக் கிண்ணத்தில் ஊற்றி, அது வழிந்தபோது ஏமாந்து, மறுபடியும் அதையே செய்து பார்த்தாள். ‘பெரிது, சிறிது’ என்று பாடம் நடத்த எனக்கு வாய் துறுதுறுத்தது, சமையலறைக்குப் போய்விட்டேன்.

அந்த அரிசி நன்றாக விளையாட உதவினாலும் அதில் ஏற்றியிருந்த நிறம் மட்டம். முதல் நாளே இரு உள்ளங்கைகளும் நீலமாகி, சோப்புப் போட்டும் மாலை வரை போகவில்லை. அதன் பிறகு வீட்டிலேயே செய்துகொண்டேன்: இரண்டு கப் அரிசி, ஒரு டீஸ்பூன் வினிகர், சில சொட்டு உணவு நிறம் ஆகியவற்றை ஒரு மூடிய பையில் போட்டுக் குலுக்கி, தாளில் பரப்பி, கையில் ஈரம் ஒட்டாத வரை உலர்த்தினால் போதும். வினிகர் நிறத்தைச் சீராகப் பிடிக்க வைக்கிறது. உலர்ந்ததும் வாடை போய்விடுகிறது. உண்ணும் பொருளை விளையாடக் கொடுப்பது சிலருக்கு உறுத்தும். எனக்கும் உறுத்தியது. பூச்சி வைத்து ஒதுக்கியிருந்த பழைய அரிசியைச் சலித்து, வெயிலில் போட்டு எடுத்து, அதற்கு நிறமேற்றி, இரண்டு மாதமாக அதே அரிசியைப் பயன்படுத்துகிறேன் என்பதில் ஓரளவு சமாதானம்.

அடுத்தது மாவு. இந்த விளையாட்டு மாவின் பிறப்பே ஒரு தற்செயல். அமெரிக்காவின் சின்சினாட்டியில் ‘குட்டோல்’ என்ற நிறுவனம், சுவர்த்தாளில் படியும் நிலக்கரிப் புகைக்கரியை ஒற்றி எடுப்பதற்காக ஒரு மாவுப் பொருளைத் தயாரித்து விற்றது. வீடுகளில் நிலக்கரி அடுப்பு குறைந்து, கழுவக்கூடிய வினைல் சுவர்த்தாளும் வந்தபோது அந்த வியாபாரம் படுத்தது. ஒரு மழலையர் பள்ளி ஆசிரியை அதைக் குழந்தைகளிடம் பிசையக் கொடுத்துப் பார்த்த பிறகு, நிறமும் மணமும் சேர்க்கப்பட்டு 1956-இல் அது ‘ப்ளே-டோ’ என்ற பெயரில் பொம்மையாக விற்பனைக்கு வந்தது. கடையில் வரும் எல்லா மாவும் ஏறத்தாழ அந்தக் குடும்பம்தான்: மாவு, நீர், உப்பு, கொஞ்சம் எண்ணெய், கெடாமலிருக்கச் சில பொருள்கள்.

இந்தப் பெட்டியில் வந்த மாவு திறந்த அன்று வெண்ணெய் போல இருந்தது. மூன்றாம் நாள் ஓரங்கள் வெடித்தன, ஆறாம் நாள் உதிர்ந்தது. டப்பாவின் மூடி இறுகவில்லை என்பதுதான் காரணம். மாவைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால் வேறொன்றைக் குறை சொல்லியே ஆக வேண்டும். சிவப்பு மாவுக்கு ஸ்ட்ராபெர்ரி மணம், மஞ்சளுக்கு வெனிலா மணம் என்று கண்டபடி சேர்த்திருக்கிறார்கள். கையில் கிடைப்பதையெல்லாம் வாயில் வைத்துப் பார்க்கும் வயதுள்ள குழந்தை இருக்கும் வீட்டில், தின்னக்கூடாத பொருளுக்குத் தின்பண்டத்தின் வாசனையைக் கொடுப்பது யாருடைய யோசனையோ தெரியவில்லை. ‘அம்மா, தம்பி சிவப்பைத் தின்னுட்டான்’ என்று மூத்தவள் ஓடிவந்தபோது அவன் முகம் உப்பில் கோணியிருந்தது. நல்லவேளையாக விழுங்கியது நகத்தளவுதான். உப்பு மிகுந்த மாவை ஒரு சிறு குழந்தை அதிகம் விழுங்கினால் இரத்தத்தில் சோடியம் ஏறி ஆபத்தாகும். இதற்கு நேர்மாறாக, விரலால் பூசும் வண்ணங்களுக்கான ஐரோப்பியத் தரநிலையான இ.என். 71, பகுதி 7, அவற்றில் கசப்பூட்டும் பொருள் சேர்த்திருக்க வேண்டும் என்கிறது. குழந்தை ஒருமுறை நக்கினால் மறுமுறை நக்காது என்பதுதான் அதன் கணக்கு.

பெட்டி மாவு உதிர்ந்த பிறகு நானே செய்யத் தொடங்கினேன். முதல் முறை தோற்றேன், அதையும் சொல்ல வேண்டும். அடுப்பே இல்லாமல் மாவையும் உப்பையும் வெந்நீரில் பிசைந்தால் போதும் என்று யாரோ சொன்னதை நம்பி, அவசரத்தில் வெந்நீருக்குப் பதில் வெதுவெதுப்பான நீரில் பிசைந்தேன். அது கையோடு ஒட்டியது, மேசையோடு ஒட்டியது, மூத்தவளின் முடியிலும் ஒட்டியது. இரண்டாம் நாள் புளித்த வாடை வந்தது. மறுமுறை ஒழுங்காகச் செய்தேன். ஒரு கப் மைதா, அரை கப் தூள் உப்பு, இரண்டு டீஸ்பூன் க்ரீம் ஆஃப் டார்டார் (பேக்கிங்கில் சேர்க்கும் ஒரு புளிப்புப் பொடி), ஒரு டேபிள்ஸ்பூன் எண்ணெய், ஒரு கப் தண்ணீர் ஆகியவற்றைக் கட்டியில்லாமல் கரைத்து, அடிகனமான பாத்திரத்தில் சிறு தீயில் விடாமல் கிளற வேண்டும். சில நிமிடம் ஒன்றும் நடக்காது. பிறகு அடியில் திப்பித்திப்பியாகக் கெட்டியாகும். கெட்டுவிட்டது என்று நினைக்கும் அந்த நேரத்தில்தான் கை விடக்கூடாது. திடீரென்று எல்லாம் ஒன்று சேர்ந்து, பாத்திரத்தின் ஓரத்தைவிட்டு விலகி, கரண்டியைச் சுற்றி ஓர் உருண்டையாகத் திரளும். இறக்கி, கை பொறுக்கும் சூட்டில் பிசைந்தால் பட்டுப்போல வரும்.

சூடு இங்கே இரண்டு வேலை செய்கிறது. ஏறத்தாழ 60 டிகிரி செல்சியஸைத் தாண்டும்போது மாவிலுள்ள ஸ்டார்ச் நீரை உறிஞ்சி உப்பி ஜெல்லாகிறது. ஒட்டாத, இழுபடும் பதம் அதனால் கிடைக்கிறது. மற்றது, பலரும் நினைத்துப் பார்க்காத ஒன்று: மாவு என்பது பச்சைப் பொருள், வயலிலிருந்தே ஈ.கோலி போன்ற கிருமிகள் அதில் வந்திருக்கலாம், அரைப்பதால் அவை சாவதில்லை. வேகவைத்த மாவில் அந்தக் கவலை வெகுவாகக் குறைகிறது. உப்பு கெடாமல் காக்கிறது, எண்ணெய் உலராமல் காக்கிறது, க்ரீம் ஆஃப் டார்டார் வழவழப்பைத் தருகிறது. அது இல்லாத ஒரு நாள் எலுமிச்சைச் சாறு பிழிந்தேன், பெரிய வித்தியாசம் தெரியவில்லை. காற்றுப்புகாத டப்பாவில் ஐந்து வாரம் இருந்தது. கோதுமை ஒவ்வாமை உள்ள குழந்தைக்கு இதைத் தொடக்கூடக் கொடுக்க வேண்டாம். அரிசி மாவில் செய்துகொள்ளலாம், இழுபடும் தன்மை மட்டும் குறைவாக இருக்கும்.

கைனெடிக் மணலைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஏறத்தாழ நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டுப் பங்கு நுண்மணல், மிச்சம் சிலிக்கோன் எண்ணெய். அந்த எண்ணெய்தான் மணல் துகள்களை ஒன்றோடொன்று பிடித்து, வெட்டினால் வெட்டுப்பட்டும் விட்டால் மெல்ல வழிந்தும் போக வைக்கிறது. வீட்டில் இதற்கு ஈடாகச் செய்ய முயன்று நேரத்தை வீணாக்க வேண்டாம். தண்ணீர் படாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

‘மாயச் சேறு’ எனக்குச் சிரிப்பையே வரவழைத்தது. பளபளப்பான உறையைக் கிழித்தால் உள்ளே நிறம் சேர்த்த கார்ன்ஃப்ளார், அவ்வளவுதான். ஒரு பங்கு நீருக்கு ஒன்றரை முதல் இரண்டு பங்கு கார்ன்ஃப்ளார் கலந்தால் யார் வீட்டிலும் அது வந்துவிடும். விளையாட்டு என்னவோ அருமையானது. மெதுவாக விரலை விட்டால் அமிழ்கிறது, ஓங்கிக் குத்தினால் கல்லாக நிற்கிறது. விரைந்து அழுத்தும்போது ஸ்டார்ச் துகள்கள் ஒன்றோடொன்று முட்டி இறுகிவிடுவதால் அப்படி. மூத்தவள் அதை உருட்டி உருண்டையாக்கி என் உள்ளங்கையில் வைத்தாள். உருட்டுவதை நிறுத்தியதும் அது விரலிடுக்கு வழியே ஒழுகியது. அவள் என்னைக் குற்றவாளியைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். முடிந்ததும் இதைத் தொட்டியில் ஊற்றிவிடக்கூடாது, குழாயில் படிந்து அடைத்துக்கொள்ளும். காயவிட்டுப் பொடியாகத் துடைத்துக் குப்பையில் போட வேண்டும்.

இனி, அந்தப் பெட்டியில் இருந்திருக்கவே கூடாத ஒன்று. கடுகளவு மணிகளாக வரும் வாட்டர் பீட்ஸ், நீரை உறிஞ்சும் பாலிமரால் ஆனவை. நீரில் போட்டால் பல மடங்கு பருத்து, வழுக்கும் கண்ணாடிக் கோலிகள்போல ஆகின்றன. பார்க்கவும் தொடவும் அழகு என்பதை மறுக்கவில்லை. ஆனால் விழுங்கப்பட்டால் அவை வயிற்றுக்குள்ளும் பருக்கின்றன. குடலை அடைத்து அறுவை சிகிச்சை வரை கொண்டுபோன நிகழ்வுகளும் உயிரிழப்பும் பதிவாகியிருக்கின்றன. சாதாரண எக்ஸ்ரேயில் பெரும்பாலும் தெரிவதில்லை என்பதால் மருத்துவருக்கும் கண்டுபிடிப்பது கடினம். அமெரிக்காவின் நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையம் இவற்றைப் பற்றிப் பலமுறை எச்சரித்திருக்கிறது. குழந்தைகளுக்கென்று விற்கப்படும் வாட்டர் பீட்ஸை விற்பதை நிறுத்துவதாக அமேசான், வால்மார்ட், டார்கெட் ஆகிய பெரிய விற்பனையாளர்கள் 2023 டிசம்பரில் அறிவித்தனர். அதற்குப் பிறகும் ஒரு பொட்டலத்தைச் சிறு பிள்ளைகளின் பெட்டியில் போட்டு, மூலையில் எறும்பெழுத்தில் ‘பெரியவர் மேற்பார்வை தேவை’ என்று அச்சிட்டால் பொறுப்பு முடிந்தது என்று நினைக்கிறார்கள். ஒரு மணி தெறித்துச் சோபாவுக்கு அடியில் போனால் அதை மேற்பார்வையிடுவது யார்? பிரிக்காமலே உறையோடு இன்னொரு பையில் கட்டிக் குப்பையில் போட்டேன்.

ஆடும் கண்களுக்கும் அதே கதிதான். மூன்று வயதுக்குக் குறைந்தவர்களின் பொம்மைகளில் எந்தத் துண்டு தொண்டையை அடைக்கும் என்பதை அளக்க 31.7 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரு சோதனைக் குழலைப் பயன்படுத்துகிறார்கள்; அழுத்தாமல் அதற்குள் முழுதாக அடங்கும் எதுவும் ஆபத்தானது. வீட்டில் டிஷ்யூ சுருளின் அட்டைக்குழல் அதைவிடக் கொஞ்சம் அகலம், ஆகவே அதற்குள் நுழைவதையெல்லாம் ஒதுக்கினால் கூடுதல் எச்சரிக்கையாகவே இருக்கும். பெட்டியில் இருந்த கண்கள், வண்ணக் கற்கள், பொத்தான்கள் அத்தனையும் நுழைந்தன. தம்பி தூங்கும் நேரத்தில் மட்டும் கற்களுக்கு அனுமதி என்று வைத்திருக்கிறோம், எழுவதற்கு முன் எண்ணி எடுத்துவைப்பது மூத்தவளின் பொறுப்பு. பன்னிரண்டு வரை எண்ணக் கற்றுக்கொண்டது அப்படித்தான்.

இளையவனுக்கு என்று அந்தப் பெட்டியில் ஒன்றும் இல்லை. அவனுக்கு நான் வைத்தது இரண்டு விரல் ஆழத் தண்ணீர், ஒரு பஞ்சுத் துண்டு, ஒரு கரண்டி. துண்டைப் பிழிந்தால் நீர் வருகிறது என்பது அவனுக்கு ஒவ்வொரு முறையும் புதிய செய்தி. அந்த ஆழமும் ஆபத்துக்குப் போதுமானது என்பதால் கைக்கெட்டும் தூரத்திலேயே உட்கார்ந்திருப்பேன். அலைபேசி வேறு அறையில் இருக்கும்.

கடைசியாக அட்டைகள். என் பெரிய மனத்தாங்கல் இவற்றின் மேல்தான். இருபது அட்டைகளிலும் முடிந்த பொருளின் படம் முதலில் இருக்கிறது: பஞ்சு ஒட்டிய ஆட்டுக்குட்டி, தாள்தட்டில் செய்த மீன், விரல்தடத்தில் மலர். மூத்தவள் ஆட்டுக்குட்டி அட்டையை எடுத்து, பசையைக் கொட்டி, இருந்த எல்லாப் பஞ்சையும் ஒரே காதின் மேல் ஒட்டினாள். அவளைப் பொறுத்தவரை வேலை சிறப்பாக முடிந்திருந்தது. பசையில் பஞ்சு எப்படிப் பிடிக்கிறது, இழுத்தால் எப்படி நூலாக வருகிறது என்பதில் அவள் ஆழ்ந்திருந்தாள். பிறகு அட்டையில் இருந்த படத்தைப் பார்த்தாள். ‘இது தப்பா, அம்மா?’ என்று கேட்டாள். படம் மட்டும் இல்லாதிருந்தால் அந்தக் கேள்வி வந்திருக்காது. மேலும், மூன்றரை வயதுக் கை கத்தரிக்கோலால் ஒரு நேர்கோட்டை வெட்டினாலே பெரிது. அட்டைகள் கேட்கும் வளைவுகளை வெட்டுவது பெரியவர்கள்தான். அப்படியானால் அது யாருடைய கைவினை?

புலன்வழி விளையாட்டு என்பதை ஏதோ நேற்றைய கண்டுபிடிப்புபோல அட்டைகள் பேசுகின்றன. 1907-இல் ரோம் நகரின் சான் லொரென்சோ பகுதியில் தம் முதல் ‘குழந்தைகள் இல்ல’த்தைத் தொடங்கிய இத்தாலியக் கல்வியாளர் மரியா மாண்டிசோரி, சொரசொரப்பும் வழவழப்பும் மாறிமாறி வரும் பலகைகளையும், கண்ணைக் கட்டிக்கொண்டு தடவி ஜோடி சேர்க்கும் துணித்துண்டுகளையும் பயன்படுத்தினார். அவருடைய பொருள்களில் ஒரு நேரத்தில் ஒரு குணம்தான் மாறும். தொடு உணர்வு என்றால் தொடு உணர்வு மட்டும். இந்தப் பெட்டியிலோ நிறம், மணம், மினுக்கு, ஒலி எல்லாம் ஒன்றன் மேல் ஒன்று. அந்தத் துணி விளையாட்டைப் பழைய துணியில் செய்து பார்த்தோம்: பட்டு, கம்பளி, பருத்தி, கோணி, ஒவ்வொன்றிலும் உள்ளங்கை அளவில் இரண்டு. தைக்கக்கூட இல்லை. இருபது அட்டைகளைவிட அதிக நாள் ஓடியது அதுதான்.

வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு: வீட்டில் மூன்று வயதுக்குக் குறைந்த குழந்தை இருந்தால் இதை வாங்க வேண்டாம். இல்லையென்றாலும், வாட்டர் பீட்ஸ் இல்லாத பெட்டியா என்று பொருள் பட்டியலைப் படித்துவிட்டு வாங்குங்கள். அடுப்படியில் நிற்க நேரமில்லாதவர்களுக்கு மணலும் தட்டும் கருவிகளும் உண்மையிலேயே உதவும். நேரம் இருப்பவர்கள் ஆழமான ஒரு தட்டும் ஒரு புனலும் தனியாக வாங்கிக்கொண்டால் போதும், மற்றவை சமையலறையிலும் பழைய துணிப் பையிலும் கிடைத்துவிடும்.

வாட்டர் பீட்ஸைப் பற்றியும் மாவின் மணத்தைப் பற்றியும் விற்பனையாளருக்கு எழுதினேன். இரண்டு நாளில் பதில் வந்தது. என் கருத்துக்கு நன்றி சொல்லி, அடுத்த பெட்டிக்குத் தள்ளுபடி தருவதாக இருந்தது, மணிகளைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. அடுத்த பெட்டி வேண்டாம், தட்டு மூடியின் இடப்பக்கக் கொக்கி மட்டும் தனியாகக் கிடைக்குமா என்று திருப்பிக் கேட்டிருக்கிறேன்.